டில்லிபாபு நம்பரில் பத்தொன்பது பேர்

கள்ளிக்குப்பத்தில் ஆட்டோ ஓட்டும் டில்லிபாபுவுக்குச் சொத்து என்று பார்த்தால் இரண்டுதான். ஒன்று அந்த ஆட்டோ. இன்னொன்று அவனுடைய செல்போன் நம்பர். கடைசி ஐந்து எண்ணும் ஏழு. கல்யாணத்துக்கு முன்னால் கடைக்காரனிடம் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியது. ஒரு தரம் கேட்டவன் உயிர் போகிறவரை மறக்க மாட்டான் என்று போவோர் வருவோரிடமெல்லாம் பீற்றிக்கொள்வான். கடைசியில் அந்தப் பீற்றல்தான் அவன் தலையில் வந்து விடிந்தது.

அவன் தெருவில் யாரும் ஒரே சிம்மை ஒரு வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டதாகச் சரித்திரம் கிடையாது. எந்தக் கம்பெனி என்ன சலுகை கொடுக்கிறதோ அந்தப் பக்கம் தாவிவிடுவார்கள். ரேஷன் கார்டுக்கு நம்பர் கேட்டபோது ஒவ்வொருத்தரும் தலையைச் சொறிந்தார்கள். தன் நம்பர் தனக்கே ஞாபகம் இல்லை. ஞாபகம் இருந்த ஒரே நம்பர் டில்லிபாபுவுடையது. அதையே கொடுத்துவிட்டு வந்தார்கள். அதற்குப் பிறகு கேஸ் சிலிண்டர், ஆதார் திருத்தம், அரசு ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எதற்குக் கேட்டாலும் அந்த ஐந்து ஏழுதான். கோமளா ரேஷனில் சர்க்கரை வாங்கினால் இவன் பாக்கெட்டில் போன் கிணுகிணுக்கும். துலுக்காணத்தின் சிலிண்டர் கிளம்பினால் முதலில் தெரிவது இவனுக்குத்தான். "நான் இன்னா போஸ்ட் ஆபீஸா?" என்று சலித்துக்கொள்வான். ஆனால் ஒரு நாள் மெசேஜ் வராவிட்டால் போன் கெட்டுவிட்டதோ என்று தட்டித் தட்டிப் பார்ப்பான்.

இதெல்லாம் ஊரடங்குக்கு முன்னால். இரண்டாயிரத்து இருபது ஜூலையில் டில்லிபாபுவின் கவலையே வேறு. அவன் மனைவி அனுசுயாவுக்கு ஒன்பதாம் மாதம். கல்யாணமாகி ஐந்து வருஷத்தில் இரண்டு தரம் கலைந்துபோய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. டாக்டரம்மா குறித்துக் கொடுத்த தேதிக்கு இன்னும் பத்து நாள்தான் பாக்கி.

ஆஸ்பத்திரியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். பிரசவத்துக்கு வரும்போது கொரோனா டெஸ்ட் முடிவோடு வர வேண்டும். இல்லை என்று வந்தால் இங்கேயே பார்ப்போம். இருக்கிறது என்று வந்தால் வேறு ஆஸ்பத்திரி, தனி வார்டு, துணைக்கு ஆள் கிடையாது. அந்த வார்டில் பிள்ளையைத் தாயிடமிருந்து பிரித்து வைக்கிறார்கள் என்று ஊரில் ஒரு பேச்சு வேறு உலாவிக்கொண்டிருந்தது. உண்மையோ பொய்யோ, அதைக் கேட்ட நாளிலிருந்து டில்லிபாபுவுக்குச் சோறு இறங்கவில்லை. தான் பயணிகளை ஏற்றி இறக்கும் ஆள், தன்னால் அவளுக்கு ஒட்டிவிடக் கூடாது என்று மே மாதத்திலிருந்து ஆட்டோவிலேயே படுத்துக்கொண்டான். மாமியார் வேம்புலியம்மாள் தட்டை வாசலில் வைப்பாள். இவன் எடுத்துச் சாப்பிட்டுக் கழுவி அங்கேயே வைப்பான். பெண்டாட்டியோடு பேச்சு நாலு முழத்துக்கு அப்பால் நின்றுகொண்டுதான்.

இந்த நேரத்தில் பக்கத்துத் தெருவில் இரண்டு பேருக்கு வந்துவிட்டது. ஜுரம் இருக்கிறதோ இல்லையோ, இந்தத் தெருவில் எல்லாருக்கும் டெஸ்ட் என்று பள்ளிக்கூட மைதானத்தில் பந்தல் போட்டுவிட்டார்கள்.

"ஜுரம் கீறவனுக்குப் பண்ணு, சரி. நல்லா கீறவன் மூக்குல எதுக்குக் குச்சிய உடற?" என்று சண்டைக்கு நின்றார் துலுக்காணம். அறுபத்திரண்டு வயசு. தொழிற்பேட்டை எஸ்டேட்டில் ஒரு கம்பெனிக்கு வாட்ச்மேன். சர்க்கரையும் வீசிங்கும் உடன்பிறப்பு மாதிரி கூடவே இருந்தன.

சாம்பிள் எடுத்த ஏரியா நர்ஸ் சுதா தலையிலிருந்து கால்வரை வெள்ளை உடுப்புக்குள் வெந்துகொண்டிருந்தாள். ஆனாலும் பொறுமையாகவே பதில் சொன்னாள். "ஜுரம் வந்தவரு வீட்டுலயே படுத்துக்குவாருண்ணா. ஒட்டியும் ஜுரம் வராம ஊரைச் சுத்தறவரைத்தான் தேடிக்கிட்டிருக்கோம். வாயைத் திறங்க."

பந்தலின் இந்தக் கோடியில் ஒரு பெண் டேப்லெட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களிடம் அவள் கேட்ட முதல் கேள்வி, "போன் நம்பர்?" அவ்வளவுதான். பழக்கதோஷம், கேள்வி முடிவதற்குள் எல்லார் வாயிலிருந்தும் ஐந்து ஏழு வந்து விழுந்தது. தொற்று வந்த வீட்டைத் தகரம் வைத்து அடைக்க வந்தால் அவன் வீட்டுக்குப் போகட்டும் என்று வேண்டுமென்றே கொடுத்தவர்களும் ஓரிருவர் உண்டு, மனிதர்கள்தானே. அந்த நம்பரைத் தட்டினால் டில்லிபாபுவின் பெயர் தானாக வந்து நின்றது. வெயிலில் அவளும் அதை மாற்றவில்லை. ஆளுக்கொரு நாலெழுத்து எண் எழுதிய சீட்டைக் கொடுத்து அனுப்பிக்கொண்டே இருந்தாள். பெயரும் எண்ணும் சேர்த்து ஒழுங்காக எழுதியது சுதாவின் நோட்டில் மட்டும்தான்.

டில்லிபாபு தன் சீட்டையும் அனுசுயாவின் சீட்டையும் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். வைத்தது பத்திரம்தான். ஆனால் வேம்புலியம்மாளின் சட்டம் ஒன்று இருந்தது. வெளியே போய் வந்த துணி எதுவானாலும் வாசலிலேயே கழற்றி மஞ்சளும் சோப்பும் போட்ட வெந்நீர் பக்கெட்டில் முக்கிவிட வேண்டும். அன்றைக்கும் சட்டை பக்கெட்டுக்குப் போயிற்று. அவனும் மறந்தான், அவளும் மறந்தாள். சாயங்காலம் சட்டையைப் பிழிந்தபோது பையிலிருந்து மஞ்சள் கூழ்தான் வந்தது.

"போனா போவுது, முடிவு எப்படியும் உன் போனுக்குத்தான வரும்" என்றாள் அனுசுயா உள்ளேயிருந்து. அவனும் விட்டுவிட்டான்.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்குப் போன் வந்தது.

"டில்லிபாபுங்களா? டெஸ்ட் விஷயமா பேசறோம் சார். உங்க வீட்டுல பத்தொம்பது பேரு டெஸ்ட் குடுத்திருக்கீங்க."

"பத்தொம்பதா? எங்க ஊட்ல கீறதே மூணு பேரு மேடம்."

"லிஸ்ட்ல பத்தொம்பதுன்னு இருக்கு சார். பதினெட்டு பேருக்கு இல்ல. ஒருத்தருக்கு பாசிட்டிவ்."

டில்லிபாபு ஆட்டோ சீட்டைப் பிடித்துக்கொண்டான். "யாருக்கு மேடம்?"

"எல்லாத்துக்கும் உங்க பேருதான் வருது. சீட்டு நம்பர் சொல்றேன், பாத்துக்கங்க. நாலு, சைபர், ஒம்பது, மூணு. மதியம் ஆம்புலன்ஸ் வரும். ரெடியா இருக்கச் சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டுவிட்டது. உடனே சுதாவுக்கு அடித்தான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடுப்பாரில்லை. எப்படி எடுப்பாள்? அன்றைக்கு அவளுக்கு வேறு தெருவில் முகாம். அந்த உடுப்பை மாட்டிவிட்டால் கழற்றுகிறவரை தண்ணீர்கூடக் கிடையாது, போனுக்கு எங்கே போவது. ஒரு மணிக்கு முன்னால் அவள் கிடைக்கப்போவதில்லை. அதுவரை இவன் நெஞ்சு தாங்குமா?

தாங்காது என்று அவனுக்கே தெரிந்தது. தங்கள் இரண்டு சீட்டும் கூழாகிவிட்டன, தன் நம்பரைக் கொடுத்த மீதிப் பதினேழு பேரின் சீட்டையும் பார்த்துவிட்டால் போதுமே என்று தோன்றியது. யாரிடமாவது நாலு சைபர் ஒன்பது மூன்று இருந்துவிட்டால் அனுசுயா தப்பித்தாள். முதலில் மாமியாரிடம் போனான்.

"அத்த, அந்தச் சீட்ட காட்டு. ரேஷன்ல கேக்கறாங்க."

ரேஷன் என்றால் வேம்புலியம்மாள் மறு பேச்சுப் பேச மாட்டாள். இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினாள். அவளுடையது இல்லை.

முகக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டு நடுத்தெருவில் போய் நின்றான். "என் நம்பர குடுத்தவங்கல்லாம் சீட்ட எடுத்துகினு வாசலுக்கு வாங்க. ஒருத்தருக்கு கீதாம்" என்று குரல் கொடுத்தான். திறந்திருந்த கதவுகளும் சாத்திக்கொண்டன. தெருவே காலியாக இருந்தது.

முதலில் வெளியே வந்தவள் இட்லிக் கடை கோமளாதான். அரிசி டின்னில் போட்டு வைத்திருந்த சீட்டைத் தூக்கிக் காட்டினாள். அவளுக்கு இல்லை. "அம்மாடி, ஆத்தா காப்பாத்திட்டா" என்று சீட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அவள் பிழைத்ததைப் பார்த்ததும் மற்றவர்களுக்கும் தைரியம் வந்தது. ஒருத்தர் சாமி படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்தார். ஒருத்தர் செல்போன் உறையிலிருந்து எடுத்தார். ஒரு வீட்டில் கேஸ் புத்தகத்துக்குள் நாலு பேருடையதும் இருந்தது. டில்லிபாபு எட்ட நின்றே படித்துப் படித்துச் சொன்னான். இல்லை. இல்லை. உனக்கும் இல்லை, போ.

ஒவ்வொரு "இல்லை"க்கும் ஒரு வீடு மூச்சு விட்டது. ஒவ்வொரு "இல்லை"க்கும் இவன் ஒரு தரம் திரும்பித் தன் வீட்டைப் பார்த்தான். ஆறு பேர் போய், பத்துப் பேர் போய், பதினாறு பேரும் போயாயிற்று. அடுத்த வீட்டுக்காரனுக்கு இருந்து தொலைக்கட்டும் என்று மனசு அடித்துக்கொண்டதை அவனால் நிறுத்த முடியவில்லை. வெட்கக்கேடுதான். என்ன செய்வது, மனசு அப்படித்தான் அடித்துக்கொண்டது.

பாக்கி துலுக்காணம் ஒருவர்தான். அவர் கதவையும் சாத்தி ஜன்னலையும் சாத்தியிருந்தார்.

"நைனா, சீட்ட காட்டு."

"போடா, நான் காட்ட மாட்டேன். கீதுன்னு சொன்னா எனக்கு அப்பவே உசிரு பூடும்."

"காட்டு நைனா. அனு வயித்துல புள்ளய வெச்சிகினு கீறா."

உள்ளே தாழ்ப்பாள் கிறீச்சிட்டது. பிறகு ஜன்னல் ஒரு சாண் திறந்தது. இடுக்கு வழியாக நீண்ட சீட்டு காற்றில் ஆடியது. டில்லிபாபு கண்ணைச் சுருக்கிப் பார்த்தான். நாலு, சைபர், அப்புறம் மூன்றும் ஒன்பதும். அப்பாடா. உச்சி முதல் பாதம்வரை குளிர்ந்துபோயிற்று அவனுக்கு. அனுவுக்கு இல்லை, இவருக்குத்தான்.

அப்போதுதான் ஜன்னலுக்குப் பின்னால் அந்த மனிதரின் முகம் தெரிந்தது. கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தார். உதடு எதையோ முணுமுணுத்துக்கொண்டிருந்தது. சின்ன வயசில் தன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு எஸ்டேட் ஆயுதபூஜைக்குக் கூட்டிப்போன ஆள். இவருக்கு வந்தால் தேறுவாரா? தூ, நானெல்லாம் ஒரு மனுஷனா என்று டில்லிபாபு தன்னையே காறித் துப்பிக்கொண்டான். மறுபடி சீட்டைப் பார்த்தான். மூன்று முன்னால் இருந்தது, ஒன்பது பின்னால் இருந்தது. அவன் தேடிய சீட்டு அது இல்லை.

"நைனா, ஒனக்கு இல்ல. கண்ணத் தொற."

துலுக்காணம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேம்பினார். தேம்பி முடித்துவிட்டு, "அப்போ யாருக்குடா?" என்றார்.

டில்லிபாபு ஜன்னலை விட்டு விலகினான். வாசல்களில் நின்றவர்களுக்குக் கணக்குப் புரிந்தது. அத்தனை பேரும் அவன் வீட்டைப் பார்த்தார்கள். அங்கே நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு அனுசுயா நின்றிருந்தாள்.

"ரேஷன்னு பொய் சொல்லிகினு போறியே, எனக்குக் காது கேக்காதா? எனக்கா, ஒனக்கா?"

"தெரில. சுதாக்கா வந்தாத்தான் தெரியும்." அவன் நாலு முழம் தள்ளியே நின்றான். "பயப்படாத. எனக்குத்தான் இருக்கும். எனக்கு இருந்தா பரவால்ல."

"பரவால்லயா? யாருக்குயா பரவால்ல?" அவள் கோபத்தில் நிலைப்படியைத் தட்டினாள். "ஒனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, பொறக்கறதுக்கு யார அப்பான்னு காட்டுவேன்? பரவால்லயாம்."

அவன் ஆட்டோவின் ஓரத்தில் போய் உட்கார்ந்துகொண்டான். தனக்கு ஏதாவது செய்கிறதா என்று உடம்பைத் தடவித் தடவிப் பார்த்தான். இருமிப் பார்த்தான். வரவில்லை. வேம்புலியம்மாள் வைத்த காபியை மோந்து பார்த்தான். வழக்கம்போல் சுக்கு வாசனை மூக்கைத் துளைத்தது. உடம்பு கல்லு மாதிரி இருந்தது. நல்லாயிருக்கிறோமே என்று வாழ்க்கையில் முதல் தடவையாக அழுகை வந்தது அவனுக்கு.

பன்னிரண்டரைக்கு ஒரு மாநகராட்சி வேன் வந்தது. மேலே தகரம் அடுக்கியிருந்தது. பின்னாலேயே ஆம்புலன்ஸ். வேனிலிருந்து இறங்கியவர் கையில் பேப்பரோடு, "அந்தப் பத்தொம்பது பேரு இருக்கற வீடு எதுப்பா? பெரிய வீடா இருக்குமே" என்று தெருவை அண்ணாந்து பார்த்தார்.

கோமளா பத்துக்குப் பத்து இருந்த ஓட்டு வீட்டைக் காட்டினாள். அவர் பேப்பரைப் பார்த்தார், வீட்டைப் பார்த்தார், மறுபடி பேப்பரைப் பார்த்தார். "எல்லாரும் நின்னுகினே தூங்குவீங்களா?" என்றார். அந்த நிலைமையிலும் தெருவில் யாரோ சிரித்துவிட்டார்கள்.

ஒன்றேகாலுக்கு சுதாவின் ஸ்கூட்டி வந்தது. முகத்தில் கண்ணாடி அழுத்திய தழும்பு, தலையெல்லாம் வேர்வை. போனில் பதினாலு மிஸ்டு கால் பார்த்ததும் சாப்பிடாமல்கூட ஓடி வந்திருந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தக்கூட இல்லை. நோட்டை எடுத்துப் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். தெரு முழுக்க அவள் விரலையே பார்த்தது.

"நாலாயிரத்துத் தொண்ணூத்திரெண்டு, அனுசுயா. தொண்ணூத்து மூணு, டில்லிபாபு."

"இன்னொரு தரம் சொல்லுக்கா."

"அனுசுயா தொண்ணூத்திரெண்டு. அவங்களுக்கு இல்லண்ணா. உங்களுக்குத்தான்."

டில்லிபாபு நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்துவிட்டான். முதலில் தோள் குலுங்கியது. அழுகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் சிரித்தான். முகக்கவசம் நனைகிற அளவுக்குக் கண்ணீர் வழிய, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். உனக்குக் கொரோனா என்று கேட்டு இப்படிச் சிரித்த ஆளைத் தன் சர்வீஸிலேயே பார்த்ததில்லை என்று ஆம்புலன்ஸ் டிரைவர் பிற்பாடு சொன்னாராம்.

"சிரிக்காதயா" என்றாள் அனுசுயா வாசலிலிருந்து. அவளும் அழுதாள். ஆனால் அழுதுகொண்டே நிலைப்படியில் உட்கார்ந்து, "தள்ளித் தள்ளிப் படுத்தியே, பாவி" என்று முனகினாள். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் அடங்கியிருந்தது.

சுதா அவனிடம் விசாரித்தாள். ஜுரம்? இல்லை. இருமல்? இல்லை. உடம்பு வலி? "ஒண்ணுமே இல்லக்கா. இன்னிக்கு வண்டி ஓட்டப் போயிருப்பேன்."

சொல்லி வாய் மூடுவதற்குள் அவனுக்கு ஒன்று உறைத்தது. வலி எடுத்தால் வேறு யாரையும் நம்ப மாட்டேன், நானே அவளைத் தூக்கி என் ஆட்டோவில் உட்காரவைத்துக் கூட்டிப்போவேன் என்று ஊரெல்லாம் சொல்லிவைத்திருந்தான். சீட்டுக்குப் புது உறைகூடத் தைத்தாயிற்று. இந்தக் குச்சி மட்டும் மூக்கில் போகாமல் இருந்திருந்தால், நல்லாயிருக்கிற இவனே இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போயிருப்பான். சிரிப்பு நின்றுவிட்டது. சுதாவைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அட போங்கண்ணா, ஏறுங்க" என்றாள் அவள். "அஞ்சு நாள் கழிச்சு அவங்களுக்கும் அம்மாவுக்கும் மறுபடி எடுத்துப் பாக்கறேன். வலி வந்தா நூத்தியெட்டு வரும், நான் சொல்லி வைக்கறேன். நிம்மதியா போயிட்டு வாங்க."

ஒரு அறை வீட்டில் தனியாக இருக்க வழியில்லை என்பதால் அவனைக் கல்லூரி ஒன்றில் போட்டிருந்த முகாமுக்கு அனுப்பினார்கள். ஆம்புலன்ஸ் கதவைச் சாத்துகிற நேரத்தில் துலுக்காணம் நாற்காலியோடு வந்தார். டில்லிபாபு வீட்டுக்கு எதிரே, வாசலில் அடித்திருந்த தகரத்துக்கு இந்தப் பக்கம் போட்டு உட்கார்ந்தார்.

"இருவது வருசமா எஸ்டேட்டுக்குக் காவல் காத்தவன் நானு. நீ போடா. அவங்களுக்குப் பாலு, காய் எல்லாம் நான் பாத்துக்கறேன். ஒருத்தன் கிட்ட வர மாட்டான்."

முகாமில் பெரிய கூடம், நாற்பது கட்டில். டில்லிபாபுவுக்குக் கடைசிவரை ஒரு தும்மல்கூட வரவில்லை. மூன்று வேளையும் முட்டை கொடுத்தார்கள், தின்றுவிட்டுப் படுத்துக் கிடந்தான். போன் மட்டும் ஓயவில்லை. கோமளாவுக்குச் சிலிண்டர் கிளம்பிவிட்டது. வேறு யாருக்கோ ஆதார் ஓடிபி வந்தது. வந்ததையெல்லாம் ஒழுங்காகக் கூப்பிட்டுச் சொன்னான். ஆறாம் நாள் ஒரே நேரத்தில் இரண்டு மெசேஜ் வந்தன. அனுசுயாவுக்கும் வேம்புலியம்மாளுக்கும் மறுபடி எடுத்ததில் இல்லை என்று இருந்தது. இந்தத் தரம் பெயர் தெளிவாகப் போட்டிருந்தார்கள். சுதாவின் வேலையாகத்தான் இருக்கும். அதைப் பக்கத்துக் கட்டில்காரரிடம் மூன்று தரம் படித்துக் காட்டிவிட்டு, இரண்டு மாதத்தில் முதல் தடவையாக நன்றாகத் தூங்கினான்.

ஒன்பதாம் நாள் காலை இட்லி தின்றுகொண்டிருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து அழைப்பு. யாருக்கோ ஓடிபி என்று நினைத்து அசட்டையாக எடுத்தான்.

"அனுசுயா வீட்டுக்காரரா? ஆஸ்பத்திரியில இருந்து பேசறோம். ஏழு அம்பதுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டே முக்கால் கிலோ. அம்மாவும் கொழந்தையும் நல்லா இருக்காங்க. கொழந்த அவங்க பக்கத்துலயேதான் படுத்திருக்கு."

"பக்கத்துலயேவா சிஸ்டர்?"

"பின்ன எங்க படுக்கும்?"

பின்னால் ஒரு அழுகைச் சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். டில்லிபாபு போனைக் காதோடு அழுத்திக்கொண்டான். இட்லித் தட்டு எங்கே போயிற்று என்று அவனுக்குத் தெரியவில்லை. கூடத்தில் முப்பத்தொன்பது பேரும் எழுந்து உட்கார்ந்துவிட்டார்கள்.

"சார், இருக்கீங்களா? பிறப்புப் பதிவுக்கு ஒரு போன் நம்பர் போடணும். உங்க மனைவி சொன்னது இப்ப நான் பேசறனே, இதுதான். வேற ஏதாச்சும் போடணுமா?"

டில்லிபாபு மூக்கை உறிஞ்சிக்கொண்டான்.

"அதையே போடுங்க சிஸ்டர். அதுல ஏற்கெனவே பத்தொம்பது பேரு கீறாங்க. இருவதாவதா எம்பொண்ணும் இருந்துட்டுப் போட்டும்."